பங்குனிப் பந்தலில் ஊற்றிய தண்ணீர்

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், முதலில் உங்கள் காலைக் கொஞ்சம் பாருங்கள். கணுக்காலுக்கு மேலேயோ ஆடுசதையிலோ புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு இருக்கும். தோல் சுருங்கி, பளபளவென்று இருக்கும். திண்டுக்கல்லுக்கு மேற்கே பழனி ரோட்டை ஒட்டிய ஊர்களில் பிறந்து, படி இறங்கித் தண்ணீர் மொண்டு குடித்தவர்கள் என்றால் இருக்கத்தான் செய்யும். நரம்புச் சிலந்தி வந்து போன இடம் அது. இன்றைக்குப் பிள்ளைகளிடம் சொன்னால் சிலந்திப் பூச்சி கடித்ததா என்று கேட்கிறார்கள். பூச்சி கடித்ததில்லை. காலுக்குள்ளிருந்து வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு, முழ நீளத்துக்கு, தானாக வெளியே வரும். அதுதான்.

என் காலில் அந்தத் தழும்பு கிடையாது. வெகுகாலம் அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். எங்கள் அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி என்பேன். அதில் பொய் இல்லை. ஆனால் முழுவதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும், எனக்கு என்ன அவசரம்.

எங்கள் கிணற்றிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது வெறும் கிணறு இல்லை, படிக்கிணறு. அப்பாவின் பாட்டனார் வெட்டியது. ஒரு பக்கம் முழுவதும் கல்படி. மேல் படியில் நின்றால் வெயில் மண்டையைப் பிளக்கும். பாதி இறங்கினால் பாசியும் புறா எச்சமும் ஈரக் கல்லும் கலந்த ஒரு வாசனை வந்து முகத்தில் குளிர்ச்சியாக அடிக்கும். ஐப்பசியில் மேல் படிகள் வரை தண்ணீர் ஏறி நிற்கும். மாசி, பங்குனியில் அடியில் இடுப்பளவுதான் கிடக்கும். கடைசிப் படியில் கால் நனைய நின்றுதான் குடத்தை அமுக்கி மொள்ள வேண்டும். ஊரில் சிலர் படி இறங்கக் கூடாது என்று இருந்தது. அவர்கள் மேலே நின்று கை ஏந்துவார்கள். நாங்கள் ஊற்றுவோம். அதற்கும் தர்மம் என்றுதான் எங்கள் வீட்டில் பெயர்.

எனக்குப் பத்து வயது நடந்த மாசி மாதம். அப்பாவுக்கு இடது கணுக்காலில் கொப்புளம் கண்டது. இரண்டு நாளில் உடைந்தது. வெள்ளையாக நுனி தெரிந்தது. அதைப் பிடித்து இழுக்கக் கூடாது. அறுந்தால் கால் முழுக்கச் சீழ் வைத்து, ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். ஒரு ஈர்க்குச்சியில் நுனியைச் சுற்றி, தினமும் அரை விரல்கடை, ஒரு விரல்கடை என்று சுருட்டிக்கொண்டே வர வேண்டும். அப்பா குச்சியைக் காலோடு வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு வெங்காயக் காட்டுக்குப் போய்விட்டு, வெயில் ஏறியதும் எரிச்சல் தாங்காமல் திரும்பி வருவார். நேரே கிணற்றுக்குத்தான். அவர் என் தோளைப் பிடித்துக்கொள்ள, நான் ஒவ்வொரு படியாக இறங்குவேன். கட்டை அவிழ்த்துக் காலைத் தண்ணீருக்குள் விட்டதும் அவர் முகம் அப்படியே இளகும்.

"ஆத்தாடி... இப்பத்தான் உசிரு வருது. செத்த நேரம் இப்பிடியே இருந்துக்கிறேன்."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையும் ஆட்டிக்கொண்டிருப்பேன். அப்பாவோடு தனியாக இருக்கக் கிடைத்த பொழுது அதுதான். அவர் கால் குணமாகக் கூடாது என்றுகூட எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. குழந்தைப் புத்தி.

அந்தச் சமயத்தில்தான் சைக்கிள் சார் வந்தார். சர்க்கார் சுகாதார இலாகா ஆள். காக்கிச் சட்டை, கேரியரில் தோல் பை, பெல் அடிக்காத சைக்கிள். ஊர் ஊராகப் போய் அம்மை குத்துவது, கிணற்றில் மருந்து போடுவது, சாக்கடையை எட்டிப் பார்ப்பது எல்லாம் அவர் வேலை. அவரைக் கண்டால் ஊசிக்குப் பயந்து பிள்ளைகள் வைக்கோல் போரில் ஒளிந்துகொள்வார்கள். நான் ஒளியமாட்டேன். பெரிய வீட்டுப் பிள்ளை ஒளியலாமா.

அவர் கிணற்றில் இறங்கி ஒரு கண்ணாடி தம்ளரில் தண்ணீர் மொண்டு வந்தார். அதைச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, உனக்குத்தான் சின்ன வயசுக் கண்ணு. உள்ள என்ன தெரியுது?"

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. ரவையை இன்னும் பொடித்துப் போட்டது போல வெள்ளைப் புள்ளிகள். தூசி என்றால் கீழே இறங்கும். இவை துள்ளின. நின்று, ஒரு துள்ளு. நின்று, ஒரு துள்ளு.

"குதிக்குது சார்!"

அவர் அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "ஐயா, உங்க கால்ல இருந்து வர்ற புழு தண்ணியத் தொட்டதும் குஞ்சு விட்டுரும். கண்ணுக்குத் தெரியாது. இந்தத் துள்ளுற பூச்சி அதைத் தின்னும். நாம பூச்சியோட சேத்துத் தண்ணியக் குடிக்கிறோம். ஒரு வருசம் உள்ள வளந்து அடுத்த மாசி, பங்குனிக்கு அது கால் வழியா வெளிய வரும். நீங்க கால வைக்கிறதும் அங்கதான், குடத்த வைக்கிறதும் அங்கதான்."

அப்பா சிரித்தார். "ஏன் சார், வாயில குடிச்சது கால்ல வருமாக்கும்? அப்ப கால்ல குத்துன முள்ளு வாயில வருமா?"

கூடி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, சிரிக்கவில்லை. இளவயதிலேயே புருஷனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"சாரு, எங்க பாட்டன் வெட்டுன கிணறு இது. பஞ்சத்துக்குக்கூட வத்துனதில்ல. இதுல பூச்சி இருக்குன்னு சொன்ன மொத ஆளு நீருதான்."

"கிணத்தக் குறை சொல்லலம்மா. படிய மூடிட்டு மேல ஒரு கப்பி போட்டுக் கயித்துல இறைச்சா ஒரு வருசத்துல இந்த நோயி ஊர விட்டே ஓடிரும்."

"படிய மூடுறதும் எங்க பாட்டன் வாயில மண்ணப் போடுறதும் ஒண்ணு" என்று அப்பா எழுந்துவிட்டார். நொண்டிக்கொண்டே போனார்.

சார் கோபப்படவில்லை. அம்மாவிடம் ஒரு துணி கேட்டார். அம்மா தன் பழைய சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலையில் ஒரு பாகம் கிழித்துக் கொடுத்தாள். கத்தரிப்பூ நிறம், வெள்ளைப் புள்ளி. அதை இரண்டாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் காட்டினார். ஒரு மூலையில் முடிச்சுப் போட்டு என் கையில் கொடுத்தார்.

"முடிச்சு எப்பவும் மேல இருக்கணும் பாப்பா. திருப்பிக் கட்டிட்டேன்னா, பிடிச்ச பூச்சியெல்லாம் திரும்பக் குடத்துக்குள்ள போயிரும். வடிச்சு முடிச்சதும் கிணத்துப் பக்கம் அலசாம, தள்ளிப் போயி வெயில்ல உதறிக் காயப் போடு. இது உன் பொறுப்பு."

இது உன் பொறுப்பு என்று அதுவரை எனக்கு யாரும் எதையும் தந்ததில்லை. அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் ஒவ்வொரு குடமும் என் துணி வழியாகத்தான் வந்தது. அம்மா குடத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். பெரியத்தை மட்டும், "துணி சலவை பண்ற தண்ணியக் குடிக்கிற பொழப்பாப் போச்சு" என்று இடித்துக்கொண்டே குடிப்பாள்.

பங்குனி வந்தது. உத்திரத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போவார்கள். ரோட்டோரப் புளியமரத்தடியில் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பந்தல். தென்னங்கீற்று போட்டு, மணல் பரப்பி, ஆறு பெரிய மண்பானை இறக்கி, வெட்டிவேர் போட்டு வைப்போம். பத்து நாள் பெரியத்தை அங்கேயே இருப்பாள். நான் ஊற்றிக் கொடுக்கும் ஆள்.

முதல் நாள் காலையில் நான் துணியைப் பானை வாயில் கட்டினேன். பெரியத்தை பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, அது ஒங்கம்மா கட்டிக் கழிச்ச சேல. மால போட்டு வெரதம் இருந்து நடந்து வாரவுகளுக்கு அதுலயா வடிச்சு ஊத்துவ?"

அம்மா தண்ணீர்க் குடத்தோடு நின்றாள். "புதுத் துணி கிழிச்சுக் கட்டலாம் மதினி."

"புதுசுன்னா மட்டும்? வடிச்சுக் குடுத்தா, எங்க கெணத்துல அழுக்குக் கெடக்குன்னு நாமளே தமுக்கடிச்சாப்புல ஆயிராதா? வீட்டுக்குள்ள நீ என்ன கூத்தும் அடிச்சுக்க. பந்தல்ல வேணாம். சாமிக்குப் போறவுகளுக்குத் தண்ணி எப்பிடி வருதோ அப்பிடியே குடுக்கணும்."

அப்பா அங்கேதான் கீற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கால் ஆறிவிட்டது. புழு முழுவதும் சுருண்டு வெளியே வந்து ஒரு வாரம். அவர் அடுத்த கீற்றை எடுத்தார். அம்மா குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். நான் முடிச்சை அவிழ்த்துத் துணியைச் சுருட்டிப் பாவாடையில் செருகிக்கொண்டேன்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, நத்தம் பக்கத்துப் பெண்கள் ஒரு கூட்டம் வந்தது. எல்லாரும் பச்சைச் சேலை. அதில் ஒரு அக்கா என்னைப் பார்த்ததும் மடியிலிருந்து மாவடு எடுத்துக் கையில் திணித்தாள். பாலும் காம்புமாக, மூக்கில் ஏறும் வாசனை.

"எங்க தோப்புதுன்னு நெனச்சிராத தாயி. நான் கூடை சொமந்து விக்கிறவ. நத்தத்துல இருந்து திண்டுக்கல் சந்தைக்கு நடையா நடக்குறவளுக்குப் பழனி என்ன தூரம்!"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அவ காலு காலில்ல, வண்டிச் சக்கரம்" என்றாள்.

மகனுக்குக் காய்ச்சலில் பேச்சு நின்றுபோய், வேண்டிக்கொண்டதும் திரும்ப வந்ததாம். அதற்கு மூன்று பங்குனி நடந்து வருவதாக நேர்த்திக்கடன். இது முதல் நடை என்றாள். சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள்.

நான் செம்பில் மொண்டேன். பந்தல் ஓரத்தில் வெயில் விழும் இடம் அது. செம்புக்குள் பார்த்தேன். துள்ளின.

செம்பை நீட்டாமல் நின்றேன்.

"என்ன தாயி அப்பிடிப் பாக்குற? தூசி கெடக்கா?"

பெரியத்தை பானைக்குப் பின்னால் இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஆனால் பயத்தால் மட்டும் சொன்னேன் என்றால் அது பொய். எங்கள் கிணறு, எங்கள் பந்தல், இத்தனை பேர் முன்னால் எங்கள் தண்ணீரில் பூச்சி என்று என் வாயால் எப்படிச் சொல்வது என்ற வீம்பும் இருந்தது. பத்து வயதில் அவ்வளவு வீம்பு.

"இல்லக்கா. நல்ல தண்ணி" என்றேன்.

அந்த அக்கா அண்ணாந்து குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. மூன்று செம்பு. "அமுர்தம்" என்றாள். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். பாவாடைச் செருகலில் சுங்குடித் துணி வயிற்றை உறுத்திக்கொண்டே இருந்தது.

உத்திரம் முடிந்து சைக்கிள் சார் வந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தோம். துணி எங்கே என்று என்னைக் கேட்டார். வீட்டில் என்றேன். பானைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சைக்கிளைப் புளியமரத்தில் சாத்திவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"எந்தெந்த ஊர்க்காரங்க குடிச்சாங்க?"

அப்பா, "நடந்து போறவுககிட்ட ஊரு பேரு கேட்டா தண்ணி ஊத்துவோம்?" என்றார்.

சார் தனக்குள் பேசுவது போல, "அடுத்த பங்குனிக்குத் தெரிஞ்சிரும்" என்றார்.

அந்த வருஷம் முழுவதும் எனக்கு அந்தச் சொல்தான். சித்திரை, வைகாசி என்று ஒவ்வொரு மாதப் பிறப்பையும் விரல் விட்டு எண்ணுவேன். புழு இப்போது எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று நூல்கண்டை எடுத்து அளந்து பார்ப்பேன். சாப்பாடு இறங்காது. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனம் பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்பாள். ஒருநாள் அவளிடம் சொன்னேன், பச்சைச் சேலை அக்காவுக்கு நான் பூச்சித் தண்ணீர் கொடுத்தேன் என்று. அம்மா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "நானும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்" என்றாள். அதற்கு மேல் அவளிடம் எனக்குத் தருவதற்கு ஒன்றுமில்லை.

அடுத்த மாசியில் எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் வந்தது. பெரியத்தைக்கு. பத்து நாளும் பந்தல் பானையிலிருந்து குடித்தவள் அவள். சூட்டுக் கொப்புளம் என்று சாதித்தாள். வெள்ளை நுனி தெரிந்த அன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கிணற்றுக்குப் போகிறேன் என்று எழுந்தவளை அம்மா மறித்து, அண்டாவில் தண்ணீர் வைத்துக் காலை நனைக்கச் சொன்னாள். அம்மா அவளை எதிர்த்து நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பங்குனியில் பந்தல் போட்டோம். பெரியத்தை படுக்கையில். பானை வாயில் நான் துணியைக் கட்டினேன், முடிச்சு மேலே. யாரும் தடுக்கவில்லை. நடந்து வந்த கூட்டத்தில் காலில் துணி சுற்றிய சிலரைப் பார்த்தேன். எங்கள் தண்ணீரா, வேறு ஊர்த் தண்ணீரா, யாருக்குத் தெரியும். ஒவ்வொரு பச்சைச் சேலையையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரக் கூடாது என்று வேண்டினேன். வந்தால் நன்றாக நடந்து வர வேண்டும் என்று வேண்டினேன்.

வந்தாள். கூட்டம் போய் வெகுநேரம் கழித்து, உச்சி வெயிலில், கம்பு ஊன்றிக்கொண்டு தனியாக. வலது ஆடுசதை வீங்கி, அதில் குச்சியும் கட்டுமாக. என்னைப் பார்த்து அந்த நிலையிலும் சிரித்தாள்.

"வண்டிச் சக்கரம் கழண்டு போச்சு தாயி. ரெண்டு மாசமா கூடையே தூக்கல. நேத்திக்கடனாச்சே, விட முடியுமா. எரியுது பாரு, நெருப்பா எரியுது. அந்தா தெரியுறது ஒங்க படிக்கெணறுதான? செத்த காலை நனைச்சுட்டு வாரேன்."

அவள் கிணற்றை நோக்கி நடந்தாள். நான் ஓடினேன். முதல் படியில் நின்று இரண்டு கையையும் விரித்தேன்.

"எறங்காதீங்கக்கா!"

அவள் முகம் மாறியது. "ஏன்? போன வருசம் கன்னத்தக் காட்டுன பிள்ள, இந்த வருசம் கெணத்தக் காட்டமாட்டியோ? எங்க காலு பட்டா ஒங்க படி கரைஞ்சு போகுமோ?"

"அதில்லக்கா. கால வச்சா தண்ணியில குஞ்சு விட்டுரும். எங்கப்பா வச்சாரு. அந்தத் தண்ணியத்தான் நீங்க குடிச்சீங்க. அதுலதான் ஒங்களுக்கு வந்துருச்சு."

அப்பா பந்தலிலிருந்து வந்து நின்றார். நான் பேசியது அவ்வளவும் அவர் காதில் விழுந்தது. அந்த அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"செம்புக்குள்ள பாத்தியே, அப்பவா?"

தலையை ஆட்டினேன். அவள் திட்டவில்லை. மேல் படிக்கு அப்பால், வெயிலில் காய்ந்த மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்பா கிணற்றுக்குள் இறங்கி, குடம் மொண்டு வந்து, தள்ளி நின்று அவள் காலில் ஊற்றினார். மண் உறிஞ்ச உறிஞ்ச ஊற்றினார். மூன்று தடவை இறங்கி ஏறினார்.

"குடிக்கத் தண்ணி குடு" என்றாள்.

பந்தல் பானையிலிருந்து வடித்த தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தேன். பந்தலில் இருந்த அம்மா வீட்டுக்கு ஓடி, அங்கிருந்த ஒரே கண்ணாடி தம்ளரைத் தேடி எடுத்துவந்து நீட்டினாள். அதில் ஊற்றினேன். நல்ல தண்ணி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பாத்துக்கிறேன்."

தம்ளரை வாங்கிச் சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கம்பை ஊன்றி எழுந்து, பழனியைப் பார்க்க நடந்தாள். வண்டி கட்டுகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, நடப்பதாகத்தான் வேண்டியிருக்கிறேன் என்று சொன்னாள்.

அந்த ஆடியில் அப்பா படியை மூடினார். மேலே கப்பி போட்டார். சைக்கிள் சார் வந்து கேட்டபோது, "படி ஆட்டம் கண்டுருச்சு, அதான்" என்றார். இரண்டு மூன்று வருஷத்தில் எங்கள் ஊரில் நரம்புச் சிலந்தி ஒருவருக்கும் இல்லை என்று ஆனது. நல்ல காரியம்தான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

மூன்றாவது பங்குனியில் நத்தத்துப் பெண்கள் வந்தார்கள். அவள் வரவில்லை. கேட்டேன். போன வருஷம் ஒட்டன்சத்திரம் தாண்டுவதற்குள் புழு அறுந்து, கால் புரையோடி, வண்டியில் ஊருக்குக் கொண்டு போனார்களாம். உயிர் தப்பியது, முட்டி மடங்கவில்லை என்றார்கள். "அவ கூடை இப்ப யாரு தலையிலயோ" என்றாள் ஒருத்தி. இரண்டாம் நடையும் முடியவில்லை. மூன்றாம் நடை இல்லவே இல்லை.

சுங்குடித் துணி பிறகு எப்போது கிழிந்தது, எங்கே போனது என்று எனக்கு நினைவில்லை. தம்ளர் மட்டும் கல்யாணமாகிப் போகும்போது என்னோடு வந்தது. அதுவும் உடைந்து வெகுகாலம் ஆகிவிட்டது.

இப்போது வீட்டில் கேன் தண்ணீர். யார் வந்தாலும் கண்ணாடி தம்ளரில்தான் தருவேன். எவர்சில்வரில் தந்தால் மருமகளைக் கோபித்துக்கொள்வேன். கிழவிக்குக் கிறுக்கு என்று அவள் நினைக்கலாம். வந்தவர்கள் "நல்ல தண்ணிதானே?" என்று கேட்டால் நான் பதில் சொல்வதில்லை. ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழும் இடத்தில் அவர்களை உட்காரவைத்து, தம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, அவர்கள் பார்க்கட்டும் என்று நிற்பேன்.